வளர்ச்சி வேறு, அபிவிருத்தி வேறு

பொருளாதார வளர்ச்சியையும் அபிவிருத்தியையும் ஒன்றென்று குழப்பிக்கொள்பவர்கள் பரீட்சை எழுதும் மாணவர்கள் மட்டுமல்லர், நாடாள்பவர்களும்தான். 1960களின் பாகிஸ்தானை எடுத்துக்கொள்வோம். ஜனாதிபதி அயூப்கான் காலத்தில் மொத்த உற்பத்தி ஆண்டுக்கு ஏறக்குறைய 6 சதவீதம் பெருகியது. வளர்முக நாடொன்றுக்கு அது பெரிய விடயம். 1968இல் அரசாங்கம் அதை 'அபிவிருத்தித் தசாப்தம்' என்று கொண்டாடியது. (நடந்தது வளர்ச்சி, வைத்த பெயர் அபிவிருத்தி!)

அதே ஆண்டில் அரசாங்கத்தின் திட்டக் குழுவிலேயே இருந்த பொருளியலாளர் மஹ்பூப் உல் ஹக் ஒரு கணக்கை வெளியிட்டார். கைத்தொழில் மூலதனத்தில் மூன்றில் இரண்டு பங்கு 22 குடும்பங்களின் கையில் இருக்கிறதாம்! தலா வருமானம் என்பது வெறும் சராசரிதானே. கராச்சி ஆலை முதலாளியின் இலாபத்தையும் கிழக்குப் பாகிஸ்தான் விவசாயியின் கூலியையும் கூட்டி வகுத்தால் விவசாயியும் முன்னேறியதாகவே தெரியும். உண்மையில் கிழக்குக்கும் மேற்குக்குமான வருமான இடைவெளி அந்தப் பத்தாண்டில் அகன்றது. 1969இல் அயூப்கான் பதவி விலகினார். 1971இல் கிழக்குப் பகுதி பங்களாதேஷ் ஆனது. மொழியும் அரசியலும் இதற்குக் காரணங்கள்தாம், ஆனால் இந்த இடைவெளியை மறந்துவிட்டு அந்தப் பிரிவை விளக்க முடியாது.

அதே ஹக்தான் 1990இல் ஆயுள், கல்வி, வருமானம் மூன்றையும் சேர்த்து மனித அபிவிருத்திச் சுட்டெண்ணைக் கொண்டுவந்தார். தலா வருமானத்தை விட அது எவ்வளவோ மேல். ஆனாலும் அதுவும் சராசரிதான், 22 குடும்பங்களை அதுவும் காட்டாது. ஏற்றத்தாழ்வைக் கழித்துக் கணக்கிடும் சுட்டெண் வர 2010 ஆயிற்று.