இழுக்கும் சரி, நிற்குமா?

எங்கள் வீட்டில் பி.காம். படிக்கிறவன் என்றால் வட்டிக் கணக்குப் போடுகிறவன் என்று அர்த்தம். மாமா புது டிராக்டர் எடுக்கப் போகிறார். கரும்பு சீசனில் ஆலைக்கு லோடு அடிக்க வேண்டும் என்பதுதான் திட்டம். போன ஞாயிற்றுக்கிழமை நாலைந்து கம்பெனி நோட்டீஸ்களை என் முன்னால் பரப்பி வைத்துவிட்டு, "எதுல தவணை கம்மியா வரும்னு பாரு மாப்ள" என்றார். பார்த்தேன். தவணையோடு சேர்த்து இன்னொன்றையும் பார்த்தேன். அதனால் வந்த எரிச்சல்தான் இது.

அந்த நோட்டீஸ்கள் எல்லாவற்றிலும் பெரிய எழுத்தில் இருப்பது ஹெச்.பி. 42, 45, 50 என்று போட்டிருக்கும். அதற்கு அடுத்து ஹைட்ராலிக் எத்தனை கிலோ தூக்கும் என்பது. இந்த இரண்டாவது எண்ணைப் பார்த்துவிட்டு "ஆயிரத்து அறுநூறு கிலோ தாங்குமாம்" என்று டீக்கடையில் பேசுகிறவர்களை எனக்குத் தெரியும். அது பின்னால் கலப்பையையும் ரோட்டவேட்டரையும் தூக்கிப் பிடிக்கிற கணக்கு. டிரெய்லர் இழுப்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. (டிரெய்லரை எங்கள் பக்கம் பாதிப் பேர் டிப்பர் என்பார்கள், அது தூக்கிக் கொட்டினாலும் சரி, கொட்டாவிட்டாலும் சரி.)

பத்து டன் கரும்போடு போகும்போது இது எத்தனை மீட்டரில் நிற்கும் என்று மட்டும் எந்த நோட்டீஸிலும் இல்லை. மாமாவும் கேட்கவில்லை, ஷோரூம்காரரும் சொல்லவில்லை. கடன் கொடுக்க வந்தவர் சிட்டா, அடங்கல் எல்லாம் கேட்டார், இதைக் கேட்கவில்லை.

சரி, நானே போட்டுப் பார்த்தேன். +2 பிசிக்ஸ் இன்னும் கொஞ்சம் ஞாபகம் இருக்கிறது.

45, 50 ஹெச்.பி. டிராக்டர் ஒன்றின் எடை சுமாராக 2 டன். நாலு சக்கர டிரெய்லர் 2 டன் என்று வைத்துக்கொள்வோம், மேலே கரும்பு 10 டன். மொத்தம் 14. நல்ல காய்ந்த தார் ரோடு, டயருக்கும் ரோட்டுக்கும் பிடிப்பு 0.6. வண்டி 30 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. எல்லாச் சக்கரத்துக்கும் பிரேக் இருந்தால், மிதித்ததிலிருந்து சுமார் 6 மீட்டரில் நின்றுவிடும். டிராக்டருக்கு மட்டும் பிரேக் என்றால்? 2 டன்னுக்குக் கிடைக்கிற பிடிப்பை வைத்து 14 டன்னை நிறுத்த வேண்டும். 41 மீட்டர். மூன்று டவுன் பஸ்ஸை வரிசையாக நிறுத்தினாலும் அந்த நீளம் வராது. டிரைவர் பார்த்து, பயந்து, காலைத் தூக்கி வைப்பதற்குள் ஓடுகிற 8 மீட்டரை இதில் நான் சேர்க்கவே இல்லை.

எங்கள் ஊர் ரோட்டில் ஓடுகிற கரும்பு டிரெய்லர்களில் பிரேக் உள்ளது எத்தனை என்று நீங்களே ஒரு நாள் நின்று பாருங்கள். அச்சு இருக்கும், டயர் இருக்கும், பின்னால் சாமி படமும் காதல் வசனமும் இருக்கும். பிரேக் டிரம் இருக்காது.

இப்போது ஹெச்.பி. ரசிகர்களுக்கு வருகிறேன். பெரிய எஞ்சின் எடுத்தால் என்ன ஆகும்? மேட்டில் திணறாமல் ஏறும், இன்னும் இரண்டு டன் கூடுதலாக ஏற்றலாம், கொஞ்சம் வேகமாகப் போகலாம். 30-ல் போனவர் 35-ல் போவார். வெறும் 5 கிலோமீட்டர்தானே? என் கணக்கில் 41 மீட்டர் 56 மீட்டராக நீள்கிறது. அதாவது கூடுதல் பணம் கொடுத்து, நிற்க முடியாத வண்டியை இன்னும் நிற்க முடியாததாக ஆக்கி வாங்குகிறோம். இதற்கு வட்டி வேறு.

"இத்தனை வருஷமா ஓட்டுறோம், எங்களுக்குத் தெரியாதா?" என்பார்கள். எதைத் தெரிந்துகொண்டீர்கள் என்று திருப்பிக் கேட்க ஆசை. டிராக்டரில் வலது காலுக்கு இரண்டு பிரேக் பெடல் இருக்கிறது, ஒன்று இடது பின் சக்கரத்துக்கு, ஒன்று வலதுக்கு. வயலில் சட்டென்று திரும்ப அது வேண்டும். ரோட்டுக்கு வந்ததும் இரண்டையும் ஒரு சின்னக் கொக்கியால் பூட்டிவிட வேண்டும். பூட்டாமல், பின்னால் லோடு தள்ளிக்கொண்டு வரும்போது ஒரு பெடலை மட்டும் மிதித்தால் டிராக்டர் ஒரு பக்கமாகச் சுழலும், டிரெய்லர் நேராக வந்து அதை மடக்கிச் சாய்க்கும். நான் எங்கள் தெருவில் நிற்கும் ஐந்து டிராக்டரைப் போய்ப் பார்த்தேன். இரண்டில் அந்தக் கொக்கியே காணோம். ஒன்றில் துருப்பிடித்து அசையவில்லை. ஓட்டுகிற அண்ணன் சிரித்துக்கொண்டே, "அது எதுக்குடா, கால் அகலமா வெச்சு மிதிச்சா ரெண்டும் புடிக்கும்" என்றார். நல்ல மனுஷன், தங்கமான மனுஷன். அவர் பின்னால் நான் சைக்கிளில்கூடப் போக மாட்டேன்.

இறக்கத்தில் டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுவது தனிக் கதை. கியரில் இருந்தால் எஞ்சினாவது கொஞ்சம் இழுத்துப் பிடிக்கும். அதையும் கழற்றி விட்டுவிட்டு, பாட்டை அலற வைத்துக்கொண்டு, பின்னால் வருகிறவன் ஹாரன் அடிப்பதும் கேட்காமல்... ஹும்.

அப்புறம் கொக்கி உயரம். டிரெய்லரை மாட்டுகிற இடம் பின் அச்சுக்குக் கீழே தாழ்வாக இருக்க வேண்டும். மேலே மாட்டினால் இழுக்க இழுக்க முன் சக்கரம் தரையை விட்டுக் கிளம்பும். முன் சக்கரம் லேசானால் ஸ்டீயரிங் சும்மா சுற்றும், ஒரு கட்டத்தில் வண்டி டிரைவர் மேலேயே பின்பக்கமாகக் கவிழும். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கிற மாதிரி கலரையும் பானெட்டையும் சுற்றிச் சுற்றிப் பார்க்கிறார்கள். குனிந்து அடியில் யாராவது பார்க்கிறார்களா?

ஐரோப்பாவில் காருக்குப் பின்னால் வீடு மாதிரி ஒரு வண்டியை மாட்டிக்கொண்டு குடும்பத்தோடு டூர் போவார்கள். அந்தச் சின்ன வண்டி லோடோடு 750 கிலோவைத் தாண்டினாலே அதற்குத் தனியாக பிரேக் இருக்க வேண்டும் என்று அங்கே விதி. 750 கிலோ! நம்ம ஊரில் டிரெய்லரின் வெறும் இரும்பே அதைவிட அதிகம். உடனே "அது பணக்கார நாடுப்பா" என்பார்கள். இருக்கட்டும். பிரேக் இல்லாத பத்து டன் மோதினால் ஏழைக்கு மட்டும் மெதுவாகவா மோதும்?

இதில் எனக்கு ரொம்ப வேடிக்கையாகப் படுவது ஒன்று. அரியலூர் மாவட்டத்துக்காரனிடம் சுண்ணாம்புக்கல் லாரியைப் பற்றிக் கேளுங்கள், ஒரு மணி நேரம் திட்டுவான். சிமெண்ட் ஆலை லாரிகளால் எத்தனை குடும்பம் அழுதிருக்கிறது, நியாயமான கோபம்தான், நானும் திட்டுவேன். ஆனால் அந்த லாரியில் எல்லாச் சக்கரத்துக்கும் ஏர் பிரேக் இருக்கிறது, பின்னால் விளக்கு எரிகிறது. நம் வீட்டு டிரெய்லரில் இரண்டும் இல்லை. ராத்திரியில் லைட் இல்லாமல், கரும்பு இரண்டு பக்கமும் துருத்திக்கொண்டு, பாதி ரோட்டை அடைத்துக்கொண்டு போகும். எதிரே வருகிற வண்டியின் வெளிச்சத்தில் கண் கூசி, பின்னால் பைக்கில் வருகிறவனுக்கு முதலில் தெரிவது சோகைதான். அப்புறம் எதுவும் தெரியாது. என் பள்ளிக்கூடத்து சிநேகிதன் ஒருவன் அப்படித்தான் போனான். அதற்கு மேல் அதை எழுத எனக்கு இஷ்டமில்லை.

எங்கள் ஊர்ப் பயறணீசுவரர் கோயில் கதை உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். சுங்கத்துக்குப் பயந்து ஒரு வியாபாரி மிளகு மூட்டையைப் பயறு என்று சொன்னாராம், சாமி அதை நிஜமாகவே பயறாக்கிவிட்டாராம். இன்றைக்கு வாடகைக்கு லோடு அடிக்கிற டிராக்டரை "விவசாயத்துக்கு" என்று ஆர்.சி. புத்தகத்தில் எழுதுகிறோமே, அதுவும் மிளகைப் பயறு என்று சொல்வதுதான். மாட்டிக்கொண்டால் பயறாகத்தான் இருக்கும். டிராக்டர் தனி, டிரெய்லர் தனி, இரண்டுக்கும் பதிவும் காப்பீடும் வேண்டும். 2007-ல் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு போனது. டிராக்டருக்கு விவசாய வேலைக்கான காப்பீடு இருந்தது, டிரெய்லருக்கு இல்லை. மண் அள்ளும் வேலைக்குப் போன தொழிலாளி விபத்தில் அடிபட்டார். காப்பீட்டு நிறுவனத்துக்குப் பொறுப்பில்லை என்றுதான் நீதிமன்றம் சொன்னது. ஏழைத் தொழிலாளி என்பதற்காக, முதலில் பணத்தைக் கொடுத்துவிட்டு வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள் என்று சிறப்பு அதிகாரத்தைப் பயன்படுத்தி உத்தரவிட்டது. கவனியுங்கள், உரிமையாளரிடம் வசூல்! மாமாவின் தவணை அட்டவணையில் அந்த வரிக்கு நான் எங்கே இடம் போடுவது?

காலையில் கரும்பு, சாயங்காலம் அதே டிரெய்லரில் காது குத்துக்கு ஜனம். உத்தரப் பிரதேசத்தில் 2022 அக்டோபரில் கான்பூர் பக்கம் கோயிலுக்குப் போய்த் திரும்பிய ஒரு டிராக்டர் குளத்தில் கவிழ்ந்து இருபதுக்கும் மேல் செத்தார்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். 2024 பிப்ரவரியில் காஸ்கஞ்சில், கங்கையில் குளிக்கப் போனவர்கள், மறுபடி குளம், மறுபடி இருபதுக்கும் மேல். செய்தியைப் பார்த்து நாமும் உச்சுக் கொட்டினோம். அடுத்த விசேஷத்துக்கு டிரெய்லரில் ஜமுக்காளம் விரித்தோம்.

விவசாயியையே குறை சொல்கிறாயே என்று கேட்பவர்களுக்கு: இல்லை. கரும்பு போட்டவன் படுகிற பாடு எனக்குத் தெரியும். வெட்டு உத்தரவுக்குக் காத்திருக்க வேண்டும், வெட்டிய கரும்பு காயக் காய எடையும் குறையும் சத்தும் குறையும், பணம் எப்போது வரும் என்பது ஆலைக்கே வெளிச்சம். லோடு அடிக்கிறவனுக்கோ டன்னுக்கு இவ்வளவு என்று கூலி. ஒரு நடையில் எவ்வளவு ஏற்ற முடியுமோ அவ்வளவு ஏற்றினால்தான் டீசல் காசு போக ஏதாவது நிற்கும். டன் கணக்கில் கூலி கொடுத்துவிட்டு ஓவர்லோடு ஏற்றாதே என்பது, பசியோடு இருப்பவனிடம் பந்தியில் உட்கார வைத்து அளவாகச் சாப்பிடு என்பது மாதிரி.

அதனால்தான் என் கோபம் எடைமேடையில் போய் நிற்கிறது. ஆலை வாசலில் ஒவ்வொரு டிரெய்லரும் லோடோடு ஒரு தடவை, காலியாக ஒரு தடவை எடை போடப்படுகிறது. கிலோ சுத்தமாக சீட்டு கிடைக்கிறது. அதாவது எந்த வண்டி எவ்வளவு அதிகமாக ஏற்றி வந்தது என்று தேதி, நேரத்தோடு கம்ப்யூட்டரில் இருக்கிறது. ரோட்டில் நிற்கிற அதிகாரி "தெரியாது" என்று சொல்லலாம். ஆலை சொல்ல முடியாது. ஆடிட்டிங் வகுப்பில் எங்களுக்கு முதலில் சொல்லித் தருவதே, கையில் வவுச்சரை வைத்துக்கொண்டு தெரியாது என்று சொல்லக்கூடாது என்பதுதான். 2019-ல் திருத்திய சட்டப்படி ஓவர்லோடுக்கு 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம். அந்தச் சீட்டுகளை எடுத்து யாராவது கூட்டிப் பார்த்தால் தலை சுற்றும். ஆனால் அபராதம் போட்டால் அது மறுபடி மாமா தலையில்தான் விழும், ஆலை தலையில் விழாது. எனக்கு அது வேண்டாம். பிரேக்கும் பின் விளக்கும் இல்லாத டிரெய்லருக்கு அடுத்த சீசனிலிருந்து டோக்கன் கிடையாது, பிரேக் மாட்ட முன்பணம் தருகிறோம், லோடு கூலியில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துக்கொள்கிறோம் என்று ஆலைகள் சொல்லட்டும். விதைக் கரணைக்கும் உரத்துக்கும் கடன் ஏற்பாடு செய்து பிடித்தம் செய்யத் தெரிந்தவர்களுக்கு இது தெரியாதா? எறையூர் ஆலை அரசுடையது, சேத்தியாத்தோப்பு ஆலை கூட்டுறவு. லாபத்துக்காக நடத்துகிறோம் என்கிற சாக்கு இங்கே இரண்டு பேருக்கும் கிடையாது, அவர்களிடமிருந்தே தொடங்கலாம். இப்போது நடப்பது என்னவென்றால், அரவை தொடங்குகிற வாரம் யாராவது அதிகாரி டிரெய்லர் பின்னால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுகிற போட்டோ பேப்பரில் வரும். ஒரு மழைக்கு ஸ்டிக்கர் உரிந்துவிடும்.

அது நடக்கிறபோது நடக்கட்டும். மாமாவுக்கு நான் போட்டுக் கொடுத்த கணக்கு இதுதான். 50 வேண்டாம், 45 போதும். அதிலும் எடை கூடிய மாடல், எண்ணெயில் ஊறுகிற பிரேக் உள்ளது (சேற்றிலும் தண்ணீரிலும் பிடி விடாது). மிச்சமாகிற பணத்தில் டிரெய்லருக்கு பிரேக். ஒரு பட்டறையில் விலை கேட்டேன், அவருடைய அரையாண்டுத் தவணை ஒன்றில் பாதிகூட வரவில்லை. பின் விளக்குக்கு வயர் இழுப்பது அதிலேயே சேர்த்தி. டிரெய்லருக்குத் தனிக் காப்பீடு. ஒரு நடைக்கு இரண்டு டன் குறைவாக ஏற்றினால் சீசனுக்கு எத்தனை நடை கூடும், டீசல் எவ்வளவு கூடும் என்று தனித் தாளில் எழுதிக் கொடுத்தேன். லாபம் குறைகிறது, அதை மறைக்கவில்லை.

மாமா இரண்டு தாளையும் ரொம்ப நேரம் பார்த்தார். "50 எடுத்தா ஊர்ல ஒரு மதிப்பு மாப்ள" என்றார். அத்தை உள்ளேயிருந்து, "அந்தப் புள்ள செத்தப்ப நீங்கதான சுடுகாடு வரைக்கும் போயிட்டு வந்தீங்க" என்றார். யாரும் எதுவும் பேசவில்லை. மாமா தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே போனார்.

வெள்ளிக்கிழமை ஷோரூமுக்குப் போகிறோம். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் அந்த இரண்டு பெடலையும் பூட்டுகிற கொக்கியைப் போட்டு எடுத்துக் காட்டச் சொல்லப் போகிறேன்.