ஆப்பிரிக்கா சஃபாரிக்கு லோன் எதுக்கு? 16 மாசம் பொறுங்க



போன வாரம் பெர்சனல் லோன் வீடியோ போட்டதும் ஒரு தம்பிகிட்ட இருந்து மெயில் வந்தது. வயசு 28, கைக்கு வரும் சம்பளம் 62 ஆயிரம். டிசம்பர்ல கல்யாணம். முடிஞ்ச கையோட மனைவியை தென்னாப்பிரிக்காவுக்கு சஃபாரி கூட்டிட்டுப் போகணும்னு ஆசை. ரெண்டு பேருக்கு பேக்கேஜ் 6 லட்சம். 14 சதவீத வட்டியில 36 மாசத்துக்கு லோன் தர பேங்க் ரெடி. "அண்ணா, எடுக்கலாமா?" கல்யாணச் செலவுக்கு ஏற்கெனவே ஒரு நகைக்கடன் ஓடுது. கடைசி வரியில இன்னொண்ணும் எழுதியிருந்தார்: அந்தப் பொண்ணுக்கு லோன் விஷயம் தெரியாதாம். சர்ப்ரைஸாம்.

இந்த மாதிரி கேள்வி வந்தா நம்ம ஃபீல்டுல வழக்கமா ஒரு பதில் இருக்கு. ஊர் சுத்தாதீங்க, அந்தக் காசை எஸ்ஐபில போடுங்க, 60 வயசுல கோடீஸ்வரன். எனக்கு அதுல உடன்பாடு இல்ல. 60 வயசுல காலையில நாலரை மணிக்கு எழுந்து குளிர்ல சிங்கம் தேடப் போவீங்களா? போற வயசுல போகணும். என் பிரச்சினை லோன் மேலயும் அந்த டிசம்பர் மேலயும்தான்.

முதல்ல டிசம்பர். தென்னாப்பிரிக்காவில் க்ரூகர் தேசியப் பூங்கா இருக்கிற பக்கம் டிசம்பர்னா கோடைக்காலம், மழைக்காலமும் அதுவே. எங்க பார்த்தாலும் தண்ணி கிடைக்கும்போது மிருகம் ஏன் குட்டைக்கு வரணும்? புதர் அடர்த்தியா வளர்ந்து நிக்கும், பத்தடி தள்ளி யானை நின்னாலும் சில நேரம் தெரியாது. அங்க ஸ்கூல் லீவும் அப்பதான், கூட்டம் அள்ளும். பறவை பார்க்கிறவங்களுக்கு அது நல்ல சீசன், அதை மறுக்கல. சிங்கம், யானை, காண்டாமிருகம்னு போறவங்களுக்கு மே முதல் செப்டம்பர் வரைதான் சரி. புல் காய்ஞ்சு கிடக்கும், மிருகங்கள் ஆத்தங்கரைக்கு வந்துதான் ஆகணும். அது மலேரியா பகுதி. அந்த மாசங்கள்ல கொசுவும் கம்மி. ஆனாலும் கிளம்புறதுக்கு முன்னாடி டாக்டரைப் பாருங்க.

நான் ரெண்டு வருஷம் முன்னாடி செப்டம்பர்ல போனேன். லோயர் சாபி முகாம் பக்கத்துல சன்செட் டேம்னு ஒரு குட்டை. காரை நிறுத்திட்டு ரெண்டு மணி நேரம் உட்கார்ந்தோம். நீர்யானை, முதலை, தண்ணி குடிக்க வந்த யானைக் கூட்டம். கைடு கிடையாது, தனிக் கட்டணம் கிடையாது.

பேக்கேஜ் விக்கிறவங்க சொல்லாத விஷயமே இதுதான். க்ரூகர் சுமார் 20 ஆயிரம் சதுர கிலோமீட்டர். உள்ளே தார் ரோடு இருக்கு, நாமே கார் ஓட்டிட்டுப் போகலாம். நம்ம ஊர் மாதிரியே இடது பக்கம்தான் ஓட்டணும். தார் ரோட்டுல 50, மண் ரோட்டுல 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது. குறிப்பிட்ட இடங்கள் தவிர வண்டியை விட்டு இறங்கவே கூடாது. கேட் மூடுறதுக்குள்ள முகாமுக்கு வந்துடணும், லேட்டானா அபராதம். ஸ்குகூசா, சடாரா, லோயர் சாபி இதெல்லாம் அரசுப் பூங்கா நிர்வாகம் நடத்துற முகாம்கள். வேலி போட்ட வளாகம், சமையலறையோட சின்ன வீடு, கடை, பெட்ரோல் பங்க் எல்லாம் உண்டு.

6 லட்சம் பேக்கேஜ்ல பெரும்பகுதி போறது பக்கத்துல இருக்கிற தனியார் காடுகளுக்கு. சாபி சாண்ட் மாதிரி இடங்கள்ல வண்டி ரோட்டை விட்டு இறங்கிப் போகும், சிறுத்தையைக் கிட்டத்துல பார்க்கிற வாய்ப்பு அங்க ரொம்ப அதிகம். அது நிஜம். ஆனா சாபி சாண்டுக்கும் க்ரூகருக்கும் நடுவுல வேலி இல்ல. அதே சிங்கம்தான் ரெண்டு பக்கமும் நடக்குது.

இப்ப கணக்கு. ரெண்டு பேர், காட்டுக்குள்ள 5 ராத்திரி, எல்லாம் நாமே புக் பண்றதா வெச்சு நான் போட்ட தோராயம்: விமானம் 1,30,000. தங்குமிடம் 50,000. கார், பெட்ரோல் 40,000. சாப்பாடு 30,000. விசா, இன்ஷூரன்ஸ் 15,000. ரேஞ்சரோட ஒரு சாயங்கால டிரைவ் 10,000. பூங்கா நுழைவுக் கட்டணம் 35,000. கடைசி ஐட்டத்தைத்தான் எல்லாரும் மறக்கிறாங்க. வெளிநாட்டுக்காரருக்கு ஒரு நாளைக்கு, ஒரு ஆளுக்கு 500 ராண்டுக்கு மேல. உள்ளூர்க்காரருக்கு அதுல கால்வாசிதான். கோபப்படாதீங்க, மாமல்லபுரத்துல நமக்கு 40 ரூபாய், வெள்ளைக்காரருக்கு 600. மொத்தம் 3,10,000.

லோன் பக்கம் வாங்க. 6 லட்சம், 14 சதவீதம், 36 மாசம்னா இஎம்ஐ சுமார் 20,500. வட்டி மட்டும் 1,38,000. அதாவது ஃப்ளைட் டிக்கெட் ரெண்டும் பேங்குக்குப் போச்சு.

அதே 20,500-ஐ நீங்களே எடுத்து வைங்க தம்பி. இப்ப மே. அடுத்த வருஷம் செப்டம்பருக்கு 16 மாசம். அசல் மட்டுமே 3,28,000. இதை மொத்தமா ஒரே ஆர்டில பூட்டாதீங்க, எஸ்ஐபி பக்கம் போகவே போகாதீங்க. நடுவுல நடுவுல எடுக்கணும். முகாம் அறைகள் கிட்டத்தட்ட ஒரு வருஷம் முன்னாடியே புக்கிங் திறக்கும், நல்ல முகாம் சீக்கிரம் தீரும். அப்ப 50 ஆயிரம் கையில வேணும். டிக்கெட்டுக்கு அப்புறம். ஸ்வீப் வசதி உள்ள ஒரு தனி அக்கவுண்ட் போதும்.

இன்னும் ரெண்டு மூணு ஓட்டை இருக்கு. க்ரெடிட் கார்டு தேய்ச்சா வழக்கமா 3.5 சதவீதம் மார்க்கப், அதுக்கு மேல ஜிஎஸ்டி. மெஷின் "ரூபாயா, ராண்டா"ன்னு கேட்டா ராண்டை அமுக்குங்க. நான் முதல் நாள் பாசத்துல ரூபாயை அமுக்கிட்டேன். கார் வாடகைக்கு ஓட்டுறவர் பேர்லயே க்ரெடிட் கார்டு கேட்பாங்க, டெபாசிட்டுக்குன்னு ஒரு தொகையை பிளாக் பண்ணுவாங்க, லிமிட் பார்த்துக்கோங்க. விலை கம்மின்னு அடிஸ் அபாபா, நைரோபி வழியா டிக்கெட் போட்டா ஏர்போர்ட்டை விட்டு வெளியே வராதீங்க. அங்க 12 மணி நேரத்துக்கு மேல நின்னாலும், வெளியே வந்தாலும் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி சான்றிதழ் கேட்பாங்க.

அப்படியும் பேக்கேஜ்தான்னா, டிசிஎஸ் பிடிப்பாங்க. விகிதம் பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறுது, ஆனா அது செலவு இல்ல, உங்க வருமான வரியில கழிச்சுக்கலாம். 2024 அக்டோபர்ல 12பிஏஏ படிவம் வந்ததுக்கு அப்புறம், ஆபீஸ்ல சொல்லி சம்பளத்துல பிடிக்கிற டிடிஎஸ்லயே குறைச்சுக்க வழி இருக்கு.

தம்பிக்கு நான் எழுதின பதில்ல இந்தக் கணக்கெல்லாம் ரெண்டாவது பாராவுலதான் வந்தது. முதல் பாராவுல இருந்தது ஒரே விஷயம்: இன்னிக்கே அவங்களுக்குப் போன் பண்ணுங்க. நகைக்கடனையும் சொல்லுங்க. கல்யாணத்துக்கு அடுத்த மாசம் பேங்க் எஸ்எம்எஸ் பார்த்து அவங்க தெரிஞ்சுக்கக் கூடாது.

நேத்து பதில் வந்தது. சொல்லிட்டாராம். பத்து நிமிஷம் திட்டு. அப்புறம் அவங்களும் வேலைக்குப் போறவங்களாம், மாசம் 8 ஆயிரம் நானும் போடுறேன், ஆனா கார் நான்தான் ஓட்டுவேன்னு சொல்லியிருக்காங்க.