சத்தமில்லாமல் வரட்டும் கிறிஸ்துமஸ் தாத்தா!

தமிழ்நாட்டில் கிறிஸ்துமஸ் தாத்தா புகைக்கூண்டு வழியாக வருவதில்லை. டிரம், டேம்பரின், கித்தார் சகிதம் கேரல் ரவுண்ட்ஸ் குழுவோடு தெருவில் ஆடிக்கொண்டே வருகிறார்.

ராத்திரி பத்து மணியோ, பன்னிரண்டு மணியோ, சபைக்காரர்கள் வீடு வீடாகப் போய் இரண்டு பாட்டுப் பாடி, ஜெபம் பண்ணி, தாத்தா கையால் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்குக் கிளம்புவார்கள். வீட்டுக்காரர்கள் காபியும் கேக்கும் முறுக்கும் எடுத்து வைத்துக் காத்திருப்பார்கள். பக்கத்து வீட்டு இந்து, முஸ்லிம் பிள்ளைகளும் தூக்கக் கலக்கத்தோடு வந்து நிற்பார்கள். திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி போகும் சாலையில் இருக்கும் கீழ்பென்னாத்தூர் மாதிரி ஊர்களில், ஒரு தெருவில் தாத்தா ஆடினால் அடுத்த தெருவுக்கும் கேட்கும்.

பெரும்பாலான பிள்ளைகளுக்கு இது வருஷம் முழுக்கக் காத்திருக்கும் கொண்டாட்டம். ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு இதே இரவு வேறு மாதிரி. அசந்து தூங்கும் நேரத்தில் திடீரென டிரம் சத்தம். கண்ணில் அடிக்கும் செல்போன் டார்ச். வாய் அசையாமல் சிரிக்கும் பிளாஸ்டிக் முகமூடி. அதைப் போட்டிருப்பவர் இழுத்துத் தூக்கிக் கொஞ்சுகிறார். பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு அலறுகிறது. கூட்டத்தில் யாரோ, “செல்லம் கொடுத்துக் கெடுத்து வெச்சிருக்காங்க” என்று முணுமுணுக்கிறார்கள்.

அடுத்த வருஷம் அந்த வீட்டில் ஒன்பது மணிக்கே விளக்கு அணைந்துவிடும். குழுவும், “தூங்கிட்டாங்க போல” என்று கடந்து போகும். ஊர்ப் பண்டிகையிலிருந்து ஒரு குடும்பம் மெல்ல விலகுவது இப்படித்தான். அந்த வீட்டில் அண்ணனோ தங்கையோ இருந்தால், அவர்களுக்கும் சேர்த்துத்தான் தாத்தா வராமல் போகிறார்.

பிடிவாதம் என்று நினைக்காதீர்கள்

ஆட்டிசம் உள்ள பல பிள்ளைகளுக்குச் சத்தம், வெளிச்சம், தொடுதல் எல்லாம் மற்றவர்களுக்குத் தெரிவதைவிடப் பல மடங்கு அதிகமாகத் தெரியும். சிலருக்கு இதற்கு நேர்மாறாகக் குறைவாகத் தெரியும். எதிர்பாராத மாற்றம் இவர்களில் பலரைக் கலங்கடித்துவிடும். இரவு எட்டு மணிக்குச் சாப்பாடு, ஒன்பது மணிக்குத் தூக்கம் என்ற ஒழுங்கைப் பிடித்துக்கொண்டுதான் அந்த நாளையே கடக்கிறார்கள். அந்த ஒழுங்கு உடையும்போது வருகிற அழுகை, அடம்பிடிக்கும் அழுகை இல்லை. தாங்க முடியாமல் வருவது. அந்த நேரத்தில் அதட்டலும் பலிக்காது, “மிட்டாய் தரேன்” என்ற ஆசை வார்த்தையும் பலிக்காது. சத்தம் குறைந்து, கூட்டம் விலகினால்தான் அடங்கும்.

நிக்கோலஸ் கதையில் டிரம் இல்லை

“தாத்தான்னா ஆட்டம் பாட்டம் இல்லாமலா?” என்று கேட்பவர்களுக்கு, தாத்தாவின் பூர்வீகத்தைச் சொல்லலாம். இன்றைய துருக்கியில் தெம்ரே என்று அழைக்கப்படும் ஊர், அந்தக் காலத்தில் மீரா. 4-ம் நூற்றாண்டில் அங்கே ஆயராக இருந்தவர் நிக்கோலஸ். வரதட்சணைக்கு வழியில்லாமல் தவித்த ஓர் ஏழைத் தகப்பனின் மூன்று பெண்களுக்காக, ராத்திரியில் ஜன்னல் வழியாகப் பொன்முடிப்பைப் போட்டுவிட்டுப் போனார் என்பது அவரைப் பற்றிக் காலங்காலமாகச் சொல்லப்படும் கதை. கொடுத்தவர் யார் என்று தெரியக் கூடாது என்பதுதான் அவர் எண்ணம். டிசம்பர் 6 அவருடைய திருநாள்.

நெதர்லாந்துக்காரர்கள் அவரை ‘சின்டர்கிளாஸ்’ என்றார்கள். அமெரிக்கா போய் அது ‘சான்டா கிளாஸ்’ ஆனது. 1863 முதல் தாமஸ் நாஸ்ட் என்ற ஓவியர் பத்திரிகையில் வரைந்த படங்களும், 1931 முதல் ஹேடன் சண்ட்ப்ளோம் கோகோ கோலா விளம்பரத்துக்கு வரைந்த படங்களும் இன்று நாம் பார்க்கும் தாடி, தொப்பை, சிவப்பு அங்கியை உலகம் முழுக்கப் பரப்பின. முகமூடியும் டிரம்மும் நம் ஊரில் சேர்ந்துகொண்டவை. ஊருக்கு ஊர் இவ்வளவு மாறிய வழக்கத்தை, ஒரு பிள்ளைக்காக இன்னும் கொஞ்சம் மாற்றினால் குறைந்துபோகாது.

தீபத்தைத் தூரத்தில் பார்ப்பது போல

திருவண்ணாமலை வட்டாரத்துக்கு இது புதிய யோசனையும் இல்லை. கார்த்திகை தீபத்தன்று 2,668 அடி மலை உச்சியில் மகாதீபம் ஏற்றும்போது, லட்சக்கணக்கானோர் அடிவாரத்தில் கூடுகிறார்கள். வயதானவர்களும் கைக்குழந்தைக்காரர்களும் அந்த நெரிசலுக்குப் போவதில்லை. சுற்றுவட்டார ஊர்களில் மொட்டை மாடியிலிருந்து மலையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, வீட்டு வாசலில் அகல் ஏற்றுகிறார்கள். அவர்கள் தீபம் பார்க்கவில்லை என்று யாரும் சொல்வதில்லை. 2025-ல் மகாதீபமும் சர்வதேச மாற்றுத்திறனாளிகள் தினமும் டிசம்பர் 3 என்ற ஒரே நாளில் வந்தன.

கிறிஸ்துமஸ் தாத்தாவையும் அப்படிப் பார்க்கலாம். வாசலில் நின்று கையசைத்துவிட்டுப் போகிற தாத்தாவும் தாத்தாதான்.

முன்கூட்டியே என்ன செய்யலாம்?

* குழுவிடம் பேசுங்கள். கேரல் பட்டியல் போடும்போதே சொல்லிவிடுங்கள். “எங்க வீட்டுக்கு முதல்ல, ஏழு மணிக்குள்ள வாங்க. ரெண்டு வீடு முன்னாடியே டிரம்மை நிறுத்திடுங்க. நாலு பேர் மட்டும் உள்ளே வாங்க. ஒரே ஒரு மெதுவான பாட்டு.” இவ்வளவு போதும். இதைக் கேட்கக் கூச்சப்பட வேண்டியதில்லை. சர்க்கரை போடாத காபி கேட்பது மாதிரிதான் இதுவும்.

* முகமூடி வேண்டாம். பிள்ளைக்கு நன்றாகத் தெரிந்த மாமாவோ சித்தப்பாவோ தாத்தா ஆகட்டும். சிவப்பு அங்கி, பஞ்சுத் தாடி, தொப்பி என்று ஒவ்வொன்றாகப் பிள்ளையின் கண் முன்னாலேயே போட்டுக்கொள்ளட்டும். “ரகசியம் போயிடுமே” என்று தோன்றலாம். பயம் போவது அதைவிட முக்கியம்.

* படக்கதை செய்யுங்கள். 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்க ஆசிரியை கேரல் கிரே, நடக்கப்போவதைச் சின்னச் சின்ன வாக்கியங்களில் முன்கூட்டியே சொல்லும் ‘சமூகக் கதை’ முறையை உருவாக்கினார். செல்போனில் நாலைந்து போட்டோ போதும். ‘தாத்தா வருவார். ஒரு பாட்டுப் பாடுவார்கள். பரிசைத் திண்ணையில் வைப்பார். டாட்டா சொல்லிவிட்டுப் போவார்.’ ஒரு வாரம் தினமும் காட்டுங்கள். உங்கள் ஒன்றியத்தின் வட்டார வள மையத்தில் இருக்கும் சிறப்புப் பயிற்றுநர்களிடம் கேட்டால் இன்னும் யோசனை சொல்வார்கள்.

* போதும் என்று சொல்ல ஒரு வழி. பேச்சு வராத பிள்ளையாக இருந்தால், ஓர் அட்டையோ கை ஜாடையோ பழக்குங்கள். அதைக் காட்டியதும் தாத்தா கிளம்பிவிட வேண்டும். உள்ளறையில் பிடித்த போர்வை, பொம்மையோடு ஓர் ஒதுக்கிடம் தயாராக இருக்கட்டும்.

* பரிசு. பளபள காகிதம் கிழியும் சத்தமே சில பிள்ளைகளுக்கு ஆகாது. துணிப் பையில் போட்டுக் கொடுங்கள். பேட்டரி பொம்மை என்றால் பேட்டரியை முன்பே போட்டு வையுங்கள். வயதுக்கு ஏற்றது என்று பெட்டியில் அச்சடித்திருப்பதைவிட, பிள்ளைக்குப் பிடித்தது எது என்று பாருங்கள். வண்ண மூடிகளை அடுக்குவதில் சந்தோஷம் என்றால், அதுதான் பரிசு.

அமெரிக்காவில் பல மால்களில் இதற்கென்றே தனி நேரம் ஒதுக்குகிறார்கள். கடை திறப்பதற்கு முன், பாட்டை நிறுத்தி, விளக்கைக் குறைத்து, வரிசை இல்லாமல் பிள்ளைகள் தாத்தாவைச் சந்திக்கிறார்கள். ஆட்டிசம் ஸ்பீக்ஸ் என்ற அமைப்பும் இதில் கைகோத்திருக்கிறது. மடியில் உட்கார வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தாத்தா தரையில் உட்கார்ந்துகொள்வதும் உண்டு.

ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வழி

2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. எல்லோருக்கும் அமைதி மட்டுமே தேவை என்று நினைத்துவிடக் கூடாது. பார்வையற்ற பிள்ளைக்கு மணிச் சத்தம் வேண்டும்; தாடியையும் அங்கியையும் தொட்டுப் பார்க்கவிட வேண்டும். காது கேளாத பிள்ளை உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வதாக இருந்தால், முகமூடியும் வாயை மறைக்கும் தாடியும் அதற்குத் தடை. சக்கர நாற்காலியில் இருக்கும் பிள்ளையிடம் தாத்தா குனிந்து கண்ணுக்கு நேராகப் பேச வேண்டும். மெதுவாகப் பதில் சொல்லும் பிள்ளைக்குக் கூடுதலாகக் கொஞ்ச நேரம் கொடுத்தால் போதும். அம்மா முந்திக்கொண்டு பதில் சொல்ல வேண்டாம்.

எந்தப் பிள்ளையாக இருந்தாலும், “வேண்டாம்” என்றால் வேண்டாம்தான். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்கு ஒரு போட்டோ கிடைக்க வேண்டும் என்பதற்காக, அழுகிற பிள்ளையைத் தாத்தா மடியில் திணிக்காதீர்கள்.

பதினைந்து வயதிலும் நம்புகிற பிள்ளை

அறிவுசார் குறைபாடு உள்ள சில பிள்ளைகள் பதினைந்து, இருபது வயதிலும் தாத்தா வருவார் என்று நம்பிக் காத்திருப்பார்கள். சொந்தக்காரர்கள் கிண்டல் செய்வார்கள். “இவ்வளவு பெரிய பையனுக்கு இது எதுக்கு?” என்று பெற்றோரையே கேட்பார்கள். அந்தக் கேள்வி வலிக்கும். நம்பிக்கையை உடைத்து யாருக்கும் லாபம் இல்லை. அதற்குப் பதில், பிள்ளையையே தாத்தா ஆக்கிப் பாருங்கள். தொப்பியை மாட்டி, மிட்டாய்ப் பையைக் கையில் கொடுத்து, பக்கத்து நாலு வீட்டுக்கு அழைத்துப் போங்கள். எப்போதும் வாங்கியே பழகிய கை கொடுக்கும்போது, ஊர் அந்தப் பிள்ளையைப் பார்க்கும் பார்வையும் மாறும்.

கேரல் குழுவில் இருக்கும் அண்ணன்மார், அக்காமாருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பட்டியலில் போன வருஷம் விளக்கு அணைந்திருந்த வீடு ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். இந்த வருஷம் கிளம்புவதற்கு முன், பகலில் ஒருவர் மட்டும் அந்த வீட்டுக்குப் போய், “எப்படி வந்தா பிள்ளைக்குப் பிடிக்கும்?” என்று கேட்டுவிட்டு வாருங்கள்.