கூண்டும் கூட்டமும்

நாம் சிறு பிள்ளையாயிருந்த காலத்தில் தேனியில் ஒரு சர்க்கஸ் கொட்டகை போட்டிருந்தார்கள். சவுக்கு சொடுக்கியதும் ஒரு கிழப் புலி முக்காலியின்மேல் ஏறி உட்கார்ந்தது. எல்லாரும் கை தட்டினோம். அந்தப் புலி எதற்கு அஞ்சி ஏறியது என்று நாம் அன்று எண்ணிப் பார்க்கவில்லை.

நேயர்கள் அறிந்திருக்கலாம்: கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகிய ஐந்தையும் வேடிக்கை காட்டப் பழக்கலாகாதென்று இந்திய சர்க்கார் 1998-ம் வருஷத்தில் தடை விதித்தது. சர்க்கஸ்காரர்கள் வழக்காடினார்கள். கேரள ஹைக்கோர்ட்டு 2000-த்திலும், சுப்ரீம் கோர்ட்டு 2001-லும் தடையை நிலைநிறுத்தின. நியாயமான தீர்ப்பு. காட்டு மிருகம் தானாக வித்தை பழகுவதில்லை. அச்சமே அதைப் பழக்குகிறது. அச்சத்தால் அடங்கிய மிருகம் என்றேனும் சீறினால், பலியாவது பெரும்பாலும் அதற்கு இரை வைக்கும் ஏழைத் தொழிலாளியே.

அந்த ஐந்தில் யானை இல்லை. யானையைப் பற்றிய பாடம் நம் கம்பம் பள்ளத்தாக்குக்கு 2023-ல் வந்தது. அரிசி தேடிக் கடைகளை உடைத்ததால் அரிக்கொம்பன் என்று பெயர் பெற்ற யானையைச் சின்னக்கானலில் பிடித்து, கும்கியாகப் பழக்கக் கேரள வனத்துறை எண்ணியிருந்தது. ஹைக்கோர்ட்டு அதற்கு இசையவில்லை. வனத்திலேயே விடச் சொல்லிற்று. ஏப்ரல் 29-ந் தேதி பிடிபட்டுப் பெரியாறு காட்டில் விடப்பட்ட அந்த யானை, மே 27-ந் தேதி கம்பம் நகருக்குள் புகுந்தது.

வீதியில் அது ஓடியது. வீட்டில் இருங்கள் என்று அதிகாரிகள் மன்றாடினார்கள். 144 தடையுத்தரவும் போட்டார்கள். ஜனங்களோ மாடிகளிலும் மதில்களிலும் கைபேசியுடன் நின்றார்கள். ஒருவர் படம் பிடிக்க டிரோன் பறக்கவிட்டார். யானையால் காயமுற்ற ஒருவர் மே 30-ந் தேதி உயிர் நீத்தார். அந்தக் குடும்பத்தின் துயரத்தை மறந்துவிட்டு யானைக்காக மட்டும் பரிந்து பேசுவது தர்மமாகாது. ஊருக்குள் வந்த யானையை அப்புறப்படுத்தத்தான் வேண்டும். ஜூன் 5-ந் தேதி மயக்க ஊசி செலுத்திப் பிடித்து, களக்காடு முண்டந்துறைக் காட்டில் கொண்டுபோய் விட்டார்கள்.

ஆனால் அதைச் சூழ்ந்து வேடிக்கை பார்க்க வேண்டுமென்று யார் சொன்னார்கள்? வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம், மாடியில் நின்றவர்களில் நாமும் ஒருவர். சர்க்கஸ் கொட்டகையிலிருந்து புலி போய்விட்டது. நம் கண்ணிலிருந்து கொட்டகை போகவில்லை.

பள்ளிக்கூடம் திறந்ததும் வகுப்பில், "யானையைப் பார்த்தவர்கள் யார்?" என்று கேட்டோம். பல கைகள் உயர்ந்தன.

"அது என்ன செய்தது?"

பின்வரிசைச் சிறுமி ஒருத்தி எழுந்தாள்.

"வழி தேடுச்சுங்க ஐயா. போன பக்கமெல்லாம் ஆளுக நின்னாங்க."

அந்த ஆட்களில் அவளுடைய ஆசிரியரும் இருந்தார் என்பதை அவளிடம் நாம் மறைக்கவில்லை.