மார்க்கக் கிதாபுக்கு உரிமை கேட்கலாமா?



போன வாரம் நமது ஊர் வாட்ஸ்அப் குழுமமொன்றில் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். மௌலவி ஒருவர் கடன்பட்டு அச்சடித்த துஆக் கிதாபை யாரோ பக்கம் பக்கமாகப் படம்பிடித்து, பீடிஎஃப் ஆக்கிப் போட்டிருந்தார்கள். "இன்னும் அச்சகத்துக் கடன் முடியவில்லை, தயவுசெய்து நீக்கி விடுங்கள்" என்று அவர் கேட்டார். "அல்லாஹ்வுடைய தீனுக்குக் கொப்பிரைட்டா?" என்று பதில் வந்தது. "இதெல்லாம் வெள்ளைக்காரன் யாவாரத்துக்குக் கொண்டு வந்த சட்டம்" என்று இன்னொரு சகோதரர் எழுதினார். மௌலவி குழுமத்தை விட்டே போய்விட்டார்.

அந்தச் சகோதரர் சொன்னதில் பாதி உண்மை. மற்றப் பாதியையும் பேச வேண்டும் என்பதற்காகவே இந்தப் பதிவு.

அச்சு இயந்திரம் வந்த புதிதில் எழுதியவருடைய உரிமையைப் பற்றி யாரும் பெரிதாக யோசிக்கவில்லை. 1469 இல் வெனிஸ் அரசு ஜொஹான் என்ற ஜெர்மன் அச்சகருக்கு, ஐந்து வருடங்களுக்கு அந்த ஊரில் அச்சுத் தொழிலையே தனியுரிமையாகக் கொடுத்தது. முதல் போடுபவருக்கு ஒரு பாதுகாப்பு, அவ்வளவுதான். அடுத்த வருடமே அவர் இறந்து போனதால் அது முடிந்தும் போனது. இங்கிலாந்தில் 1557 இல் மேரி இராணி ஸ்டேஷனர்ஸ் கம்பனி என்ற அச்சகர் சங்கத்துக்குப் பட்டயம் கொடுத்தார். அதன் நோக்கம் இன்னும் வெளிப்படையானது: அரசு விரும்பாத சமயக் கருத்துகள் அச்சில் வரக் கூடாது. உஸ்மானியர் ஆட்சியில் 1727 இல் இப்ராஹீம் முதஃபர்ரிக்காவுக்கு அச்சிட அனுமதி கிடைத்தபோது தப்ஸீர், ஹதீஸ், பிக்ஹ் நூல்கள் அதில் சேர்க்கப்படவில்லை. ஆக, ஆரம்பத்தில் இது ஆட்சியாளருக்கும் அச்சகருக்கும் இடையிலான விவகாரம்.

அதிலும் அதிக இலாபம் சமயப் புத்தகங்களில்தான் இருந்தது. எலிசபெத் இராணி காலத்தில் பிள்ளைகள் எழுத்துப் படிக்கும் சமயப் பாடப் புத்தகத்தையும், பாட்டாக்கப்பட்ட சங்கீதங்களையும் அச்சடிக்கும் உரிமை ஜோன் டே என்ற ஒரே மனிதரிடம் இருந்தது. ஒவ்வொரு வீட்டுக்கும் தேவையான புத்தகம், விற்பவரோ ஒருவர். ரொஜர் வார்ட் என்ற அச்சகர் அந்தப் பாடப் புத்தகத்தில் பத்தாயிரம் பிரதிகளைத் திருட்டுத்தனமாக அடித்தார். 1582 இல் வழக்கு வந்தது. ஒரு வாத்தியாராக இதை வாசிக்கும்போது எனக்கு வார்ட் மீது முழுக் கோபம் வரவில்லை. பிள்ளையின் முதல் புத்தகம் ஒருவர் கையில் பூட்டப்பட்டிருப்பது நியாயமா என்ற கேள்வி இன்றைக்கும் பெறுமதியானது.

ஆனால் தனியுரிமைக்கு அன்று சொல்லப்பட்ட இன்னொரு காரணத்தையும் மறக்கக் கூடாது: வேதநூல் பிழையில்லாமல் வர வேண்டும், பிழை வந்தால் பதில் சொல்ல ஒருவர் இருக்க வேண்டும். 1631 இல் மன்னரின் அச்சகர் ரொபட் பார்க்கரும் அவரது கூட்டாளியும் அடித்த பைபிளில் பத்துக் கட்டளைகளில் ஒரு சின்னச் சொல் விடுபட்டது. "விபசாரம் செய்யாதே" என்பது "செய்" என்றாகி விட்டது. அவர்களுக்கு 300 பவுண் அபராதம் விழுந்தது. உரிமை கொடுத்த கையே பொறுப்பையும் கேட்டது.

நமது மௌலவியின் கதையும் இதேதான். அவர் அச்சடித்த முதல் பதிப்பில் ஒரு துஆவில் ஒரு வரி விடுபட்டிருந்தது. இரண்டாம் பதிப்பில் திருத்தினார். குழுமத்தில் சுற்றுவது முதல் பதிப்பு! இனி அதை யார் திருத்துவது? பிழையோடு ஓதுகிறவருக்கு யார் பொறுப்பு?

எழுதியவர் சட்டத்துக்குள் ஒழுங்காக வந்தது 1710 இல். இங்கிலாந்தின் ஆன் இராணி காலச் சட்டம் புதிய நூலுக்கு 14 வருட உரிமையை எழுதியவருக்கே கொடுத்தது. அந்தக் காலம் முடியும்போது அவர் உயிரோடிருந்தால் இன்னும் 14 வருடம். அதன்பின் நூல் எல்லோருக்கும் பொது. உழைத்தவருக்கும் பங்கு, ஊருக்கும் பங்கு. நமது நாட்டில் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி எழுதியவரின் ஆயுளும் அதன்பின் 70 வருடங்களும். இது நீண்டுவிட்டது என்று வாதிடலாம். ஆனால் "வெள்ளைக்காரன் சட்டம்" என்று ஒதுக்க முடியாது. 1988 இல் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி, நூலாசிரியரின் உரிமை ஷரீஅத்தில் மதிக்கப்படும் உரிமை, அதில் அத்துமீறக் கூடாது என்று தீர்மானித்தது. அதற்கு எவ்வளவோ முன்பே, ஒரு கிதாபை இன்னொருவருக்கு அறிவிக்க உஸ்தாதிடம் இஜாஸா வாங்கியது நமது மரபு. அங்கே காசு பேச்சில்லை, ஆனால் பெயரும் அமானிதமும் இருந்தன.

குர்ஆனும் ஹதீஸும் துஆவும் யாருடைய சொத்துமல்ல. ஆனால் அவற்றைத் தேடித் தொகுத்தது, தமிழாக்கியது, ஹரகத் சரிபார்த்தது எல்லாம் ஒரு மனிதனின் இரவுகள். தீனுக்கு விலை கேட்கிறார் என்று நாம் சொல்வது அந்த இரவுகளைத்தான்.

நானும் சுத்தமானவன் இல்லை. வகுப்புக்காக முழுப் புத்தகங்களையே போட்டோக்கொப்பி அடித்திருக்கிறேன், எழுதியவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல். கேட்டிருந்தால் அநேகமாக யாரும் மறுத்திருக்க மாட்டார்கள்.

ஆகவே எனது கருத்து இதுதான். பகிர்வதற்கு முன் எழுதியவரிடம் கேட்போம், அவர் உயிரோடு, நமது ஊரிலேயே இருக்கிறார். பள்ளிவாசல் நிர்வாகம் இருநூறு பிரதிகளை வாங்கி வக்ஃபாக வைத்தால் அவரது கடனும் தீரும், வாங்க வசதியில்லாத பிள்ளைக்கும் கிதாபு கிடைக்கும். செலவு தேறிய பின் திருத்திய பீடிஎஃபை அவரே வெளியிடட்டும். அதுவரை அந்தப் பழைய கோப்பை உங்கள் கைபேசியிலிருந்து அழித்து விடுங்கள்.

குழுமத்தில் அன்று சிரித்த சகோதரர்கள் அவருக்கு ஒரு கோல் எடுத்து ஸலாம் சொன்னால் இன்னும் நல்லது.