கொடியா, அறிவிப்புப் பலகையா?

மாவட்ட விளையாட்டுப் போட்டிகளின் தொடக்க விழாவில் அணிவகுத்து வரும் நம் தமிழ்ப்பள்ளிக் கொடிகளைக் கூர்ந்து நோக்கியவர் எத்துணைப் பேர்? வெள்ளைத் துணி, நடுவே பள்ளிச் சின்னம். அச்சின்னத்துள் ஒரு குத்துவிளக்கு, ஒரு திறந்த நூல், ஓர் எழுதுகோல், ஓர் இரப்பர் மரம், எழுஞாயிறு, அண்மைக் காலமாக ஒரு கணினியும்! சுற்றிலும் இருமொழியில் பள்ளியின் பெயர், அடியில் குறிக்கோளுரை, அதற்கும் அடியில் தொடங்கிய ஆண்டு. திடலின் மறுகோடியில் நிற்பார்க்கு இவையனைத்தும் ஒரு வண்ணக் கறையே. பத்துப் பள்ளிகள் வந்தால் பத்தும் ஒன்று போலவே தோன்றும். இவற்றைக் கொடி என்றழைப்பது கொடிக்கே இழுக்கு என்பேன்.

சின்னம் வேறு, கொடி வேறு. சின்னம் கடிதத் தாளின் தலைப்பிலும் மாணவர் சட்டைப்பையிலும் இருந்து, அருகில் வைத்துப் பார்ப்பதற்குரியது. கொடியோ காற்றில் மடிவது, மழையில் துவள்வது, தொலைவிலிருந்து நோக்கப்படுவது, இருபுறமும் தெரிவது. எழுத்துப் பொறித்த கொடியின் பின்புறத்தைக் கண்டிருக்கிறீர்களா? அருமைத் தமிழ் தலைமாறி, கண்ணாடியிற் கண்ட எழுத்தாய் நிற்கும். சவூதி அரேபியக் கொடியில் எழுத்து உண்டே எனலாம். உண்டு, ஆயின் எப்புறம் நோக்கினும் நேராகப் படிக்க வேண்டும் என்பதற்காக அதனை இருபுறமும் ஒத்திருக்குமாறு அமைக்கின்றனர். அத்துணை முயற்சி நம்மால் ஆகுமா?

"தமிழெழுத்து இல்லாத கொடி தமிழ்ப்பள்ளிக்கு எதற்கு?" என்று சினங்கொள்ளும் அன்பர்களை நான் அறிவேன். அவர்தம் மொழிப்பற்றை மதிக்கிறேன், வாதத்தை ஏற்கிலேன். சேரனுக்கு வில், சோழனுக்குப் புலி, பாண்டியனுக்குக் கயல் என மூவேந்தர்க்கும் ஒவ்வோர் உருவமே போதுமானதாயிருந்தது. பெயரெழுதாமையால் அவர்தம் தமிழ் குறைந்துபோயிற்றா? முருகன் திருக்கோயிலில் சேவற்கொடி ஏறுங்கால், அது யாருடைய கொடியென்று எழுதி ஒட்டுவார் உளரோ?

அவ்வளவு தொலைவு செல்லவும் வேண்டா. பினாங்கு மாநிலக் கொடியை நோக்குங்கள். இளநீலம், வெள்ளை, மஞ்சள் என மூன்று செங்குத்துப் பட்டைகள். நடுவிலுள்ள வெள்ளையில் ஒரு கமுக மரம். 'பினாங்' என்னும் மலாய்ச் சொல்லுக்குப் பொருள் கமுகு என்பதே. பெயரை எழுதாமல் பெயரையே காட்டிவிட்டார்கள்!

நம் தேசியக் கொடியில் 14 கோடுகளும் 14 முனை விண்மீனும் பிறையும் உள்ளனவே, அஃது எளியதா என மாணவர் வினவக்கூடும். நல்ல வினா. கோடுகளை எவரும் எண்ணிப் பார்த்து அக்கொடியை அறிவதில்லை. சிவப்பும் வெள்ளையும் மாறிமாறி வரும் பரப்பையும், நீல மூலையில் ஒளிரும் மஞ்சளையும் கண்டே அறிகின்றனர். கருநிறத்தின்மேல் வெளிர்நிறம் வந்தமையால் பிறையும் விண்மீனும் பளிச்சிடுகின்றன. நம் பள்ளிகளிலோ பச்சையின்மேல் சிவப்பையும், கருநீலத்தின்மேல் ஊதாவையும் தீட்டிவிட்டு, கண் தெரியவில்லை என்று காண்போரைக் குறைகூறுகிறோம்.

கனடா நாட்டாரும் முன்னர்க் கேடயச் சின்னம் பொறித்த சிவப்புக் கொடியையே பறக்கவிட்டனர். நெடுநாள் வாதிட்டு, 1965ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 15ஆம் நாள் அதனை இறக்கிவிட்டு, ஒற்றை மேப்பிள் இலையை ஏற்றினர். ஒரு நாட்டுக்கே ஓர் இலை போதுமெனின், இருநூறு பிள்ளைகள் பயிலும் பள்ளிக்கு ஆறு பொருள்கள் எதற்கு?

காரணம் யாவரும் அறிந்ததே. குழு கூடுகிறது. ஒருவர் விளக்கு வேண்டும் என்கிறார். மற்றொருவர் நூல் என்கிறார். நன்கொடையாளர் ஞாயிறு கேட்கிறார். எவர் மனமும் நோகலாகாதென்று எல்லாவற்றையும் சேர்த்துவிடுகிறோம். வேண்டாம் என்று சொல்லும் துணிவில்லாத இடத்தில் நல்ல கொடி பிறவாது.

ஆசிரிய நண்பர்களே, ஒரு சோதனை செய்து பாருங்கள். நான்காம் ஆண்டு மாணவரிடம் தாளையும் வண்ணக்கோலையும் கொடுத்து, பள்ளிக்கொடியைப் பாராமல் வரையச் சொல்லுங்கள். தாள்கள் வெறுமையாகத் திரும்பினால் பிள்ளைகளைக் கடிந்துகொள்ளற்க, பிழை கொடியினுடையது.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு, பள்ளிகள் பல வீடமைப்புப் பகுதிகளுக்குப் பெயர்ந்துவிட்டன. அங்கே பயிலும் பிள்ளைகளுட் பலர் பால்மரத்தைக் கண்ணாலும் கண்டதில்லை. பள்ளி எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்ல எஞ்சியிருப்பவை பழைய பெயரும் கொடியுமே. அக்கொடியில் பிறந்த மண்ணின் அடையாளம், கணினிக்கும் ஞாயிற்றுக்கும் இடையே கடுகளவு மரமாய் ஒடுங்கிக் கிடப்பது தகுமா? இரப்பர் இலை ஒரே காம்பில் மூன்று சிற்றிலைகளாய் விரிவது. ஏழு வயதுக் குழந்தையும் வரையத்தக்கது. பச்சைத் துணியின் நடுவே அவ்விலையை வெள்ளையாய்ப் பெரிதாக வெட்டித் தைத்தால் போதும். அச்சகத்தாருக்குக் கொடுக்கும் பணமும் மிஞ்சும்; இரு நிறத் துணியும் ஒரு தையற்பொறியும் இருந்தால், பெற்றோர் ஆசிரியர் சங்கத் தாய்மாரே அதனை முடித்துத் தருவர்.