துபாயில் கட்டி முடிக்காத ஃப்ளாட்: தவணையை நிறுத்தினால் என்ன ஆகும்?

‘20 சதவிகிதம் கட்டுங்க, மிச்சத்தை மெதுவா பார்த்துக்கலாம்.’ துபாய் சொகுசு ஃப்ளாட்டுகளை இங்கே விற்பது பெரும்பாலும் இப்படித்தான். கையெழுத்துப் போடும்போது கட்டடமே இருக்காது.

2008 நெருக்கடியில் அங்கே பாதியில் நின்ற கட்டடங்கள் ஏராளம். வாங்குபவர் பணத்தைத் தனி எஸ்க்ரோ கணக்கில் வைக்கச் சொல்லும் சட்டம் 2007-லேயே வந்துவிட்டது. ஆனால், எஸ்க்ரோ இருந்தாலும் சாவி தாமதமாகலாம்.

அதைவிடப் பெரிய சிக்கல் நம்ம பக்கம்தான். நீங்கள் தவணையை நிறுத்தினால், துபாய் நிலத்துறை மூலம் 30 நாள் நோட்டீஸ் வரும். அதற்குள் கட்டாவிட்டால் ஒப்பந்தம் ரத்தாகலாம். கட்டுமானம் 60 சதவிகிதத்தைத் தாண்டியிருந்தால், ஃப்ளாட் விலையில் 40 சதவிகிதம் வரை பில்டர் எடுத்துக்கொள்ளலாம். கவனிங்க, கட்டிய பணத்தில் இல்லை, மொத்த விலையில்! ஒரு கோடி ரூபாய் ஃப்ளாட்டுக்கு 40 லட்சம் கட்டியவருக்கு ஒரு ரூபாய்கூடத் திரும்பாமல் போகலாம்.

நிறுத்தும் எண்ணமே இல்லாதவரும் மாட்டலாம். இந்தியாவிலிருந்து ஒருவர் நிதியாண்டுக்கு 2.5 லட்சம் டாலர்தான் அனுப்ப முடியும். சாவி வாங்கும்போது பாதி விலை கேட்கும் பிளான் என்றால், அந்த ஆண்டு இந்த வரம்பு இடிக்கலாம். 10 லட்சம் ரூபாய்க்கு மேல் அனுப்பும் தொகைக்கு 20 சதவிகிதம் டிசிஎஸ் வேறு. பிறகு வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம், ஆனா அன்னைக்கு கையில காசு இருக்கணும்.

கட்டுமானம் எதுவரை வந்திருக்கிறது என்பதை ‘துபாய் ரெஸ்ட்’ செயலியில் நீங்களே பார்க்கலாம். ஏஜென்ட் அனுப்பும் வாட்ஸ்அப் வீடியோவை நம்பிப் பணம் அனுப்பாதீங்க.